ஆயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு எல்

பட்டறையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். மாமனார் அப்படிக் கூப்பிட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபிட்டரும் கூப்பிடுகிறான், இரும்புத் தகடு இறக்க வரும் லாரிக்காரனும் கூப்பிடுகிறான். ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன்கூட, "மாப்ளே, மீட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்கு இதெல்லாம் இலவச இணைப்பு.

கீழே பட்டறை, மேலே வீடு. மருந்துக் கம்பெனிகளுக்குக் காற்றுப்பூட்டு அறை செய்து கொடுக்கும் பட்டறை அது. காற்றுப்பூட்டு என்றதும் மிரள வேண்டாம். இரண்டு கதவு வைத்த ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். முதல் கதவு வழியாக உள்ளே போனால் அது சாத்திக்கொள்ளும். மேலேயிருந்து காற்று அடித்து, ஆள்மேல் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் போன பிறகு அடுத்த கதவு திறக்கும். அதுவரைக்கும் இரண்டு கதவுகளும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். யானை வந்து முட்டினாலும் அசையாது. எது எப்போது திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது வெளிச்சுவரில் பதித்த ஒரு சின்ன சிப். அந்தச் சிப்புக்குள் ஓடும் சி மொழி ப்ரோக்ராமை எழுதுவது மாப்பிள்ளையின் வேலை.

எழுதுவது என்றால் அவன் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியுமா என்ன? காலக் கணக்கெல்லாம் இருக்கும் கோப்பு மாமனார் தன் கைப்பட எழுதியது. கதவு எத்தனை விநாடி பூட்டியிருக்க வேண்டும், மணி எத்தனை விநாடி அடிக்க வேண்டும், விளக்கு எப்போது பச்சைக்கு மாற வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. எல்லாமே இன்ட், அதாவது எண்ணைப் போட்டு வைக்கும் சின்னப் பெட்டி. அந்தச் சிப்பில் ஓர் இன்ட் என்பது இரண்டே பைட் இடம். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான் அதில் எண் கொள்ளும். அதற்கு மேலே போனால் கணக்குக் குப்புற விழுந்து மைனஸ் ஆகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதியச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை தெரியாத்தனமாக வாயைக் கொடுத்தான்.

"மாமா, நேரம் சம்பந்தப்பட்டதை எல்லாம் லாங்கா மாத்திடலாமா? நாலு பைட் இருந்தா பயமில்லாம இருக்கலாம்."

மாமனார் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, அந்தச் சிப்புல இருக்கறதே துளியூண்டு இடம். ரெண்டு பைட்டுல முடியற வேலைக்கு நாலு பைட் எதுக்குங்க? விரலுக்கேத்த வீக்கம் போதும். என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். இப்ப என் இன்ட்டையும் கட்டிக் குடுக்கணுமா?"

ஃபிட்டருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தொண்டையில் நிற்கிறது.

மாமனார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 'வாங்க, போங்க, சாப்டீங்களா மாப்பிள்ளை' என்று மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காதவர். ஆனால் அதே மரியாதையோடு விடியற்காலையில் படுக்கையறைக் கதவைத் தட்டி, "மாப்பிள்ளை, முழிச்சிட்டீங்களா? அந்த ரிலே விஷயம் என்னாச்சுங்க?" என்று கேட்பவர். கதவைத் தட்டிவிட்டுத் திறப்பதற்குள் உள்ளே வந்துவிடுவார். எல்லாச் சாவியும் அவர் இடுப்பு பெல்ட்டில். பேனா பெட்டிக்குக்கூடப் பூட்டுப் போடுகிற மனுஷன்.

மாப்பிள்ளையின் மனைவி மாமனாருக்கு ஒரே மகள். அவள்தான் பட்டறையின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டாள். புருஷனுக்கு முன்னால் மூச்சு முட்டியது அவளுக்குத்தான். வேறு ஊரில் லிஃப்ட் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரத்தைத் தேடிப் பிடித்தவள் அவள். விண்ணப்பம் போட வைத்தவளும் அவள். இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. "வர்றீங்களா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. நாங்களே கூப்பிடறோம். எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லியிருந்தார்கள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"அப்பாகிட்ட எப்பத்தாங்க சொல்லப் போறீங்க?" என்று காலையில் அவள் கேட்டாள்.

"சொல்றேன்."

"ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க. அவர் என்ன சொன்னாலும் தலையாட்டித் தலையாட்டி, உங்களுக்கு வாயே இல்லாமப் போச்சு. இன்னைக்கு விட்டோம்னா அவ்வளவுதான். இந்தப் பட்டறைக்கு மேல நாம கெழடாகிச் சாக வேண்டியதுதான்."

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

அவள் அவன் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நேரே கீழே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நாளைக்கு ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்து புது அறையைப் பார்க்கப் போகிறார். கொஞ்சம் பெரிய அறை என்பதால் கதவு முப்பது விநாடி பூட்டியிருந்தால் போதாது, நாற்பதாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாமனார் வழக்கம்போலத் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் முப்பதைச் சுழித்துப் பக்கத்தில் நாற்பது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"அந்த மூணை நாலாக்குங்க மாப்பிள்ளை. வேற எதையும் தொடாதீங்க."

30 * 1000 என்று இருந்தது. நேரம் மில்லி விநாடியில் போவதால் ஆயிரத்தால் பெருக்கல். மாப்பிள்ளை மூன்றை அழித்து நாலு போட்டான். பட்டனை அமுக்கினான். திரையில் எச்சரிக்கைகள் மஞ்சள் மஞ்சளாக ஓடின. அந்தப் பட்டறையில் அது ஒன்றும் புதிதில்லை. மாமனாரின் பழைய ப்ரோக்ராமுக்கு எப்போது பார்த்தாலும் நூற்றுக்கணக்கில் மஞ்சள் வரும். "சிவப்பு வந்தா நில்லு, மஞ்சள் வந்தா போய்க்கிட்டே இரு" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம். யாரும் மஞ்சளைப் படிப்பதில்லை.

ஆனால் தினமும் பார்த்த கண் அல்லவா? தெரிந்த கூட்டத்தில் ஒரு புது முகம் நின்றால் சட்டென்று தெரியும். நாற்பது போட்ட வரிக்கு எதிரே ஒரு புது மஞ்சள் இருந்தது: பெருக்கல் இன்ட்டில் கொள்ளவில்லை என்று.

மாப்பிள்ளை அதைப் படித்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான். முப்பது ஆயிரம் உள்ளே கொள்ளும், நாற்பது ஆயிரம் கொள்ளாது. ஆயிரத்துக்குப் பக்கத்தில், லாங் என்பதற்கு அடையாளமாக, ஒரு எல் போட்டால் போதும். அந்த எழுத்தைக் கண்டதும் சிப் பெருக்கலை நாலு பைட்டில் செய்துவிடும். ஒரே ஓர் எழுத்து. விரல் அந்த எழுத்துக்கு மேலே வரைக்கும் போனது.

அங்கேதான் அவனுக்குள் ஒரு சனியன் புகுந்தது. 'வேற எதையும் தொடாதீங்க' என்றுதானே சொன்னார்? சரி, தொடவில்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் கதவு திறக்காமல் நிற்கட்டும். விரலுக்கேத்த வீக்கத்தின் லட்சணம் ஊருக்கே தெரியட்டும். அதற்குள் நான் வேறு ஊருக்குக் கிளம்புகிற ஆள். இப்படி நினைத்தபோது இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டான். ப்ரோக்ராமைச் சிப்புக்கு அனுப்பினான்.

கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

மதியத்துக்கு மேல் மாமனார் கையில் இரண்டு வெள்ளைத் தாள் அங்கிகளோடு வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நாளைக்கு அந்த அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு ஒத்திகை பாத்துடுவோம்."

"ஃபிட்டர் வரட்டுமே மாமா. அவனும் நானுமா..."

"அவன் அவசரப் பட்டன் வாங்கப் போயிருக்கான், வர ராத்திரி ஆகும். போனை வெளியில வையுங்க. உள்ளே சும்மா ஒரு தூசுகூடப் போகக்கூடாது."

மாட்டிக்கொண்டால் உள்ளிருந்தே கதவைத் திறக்க உதவும் அவசரப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் அறைக்குள்ளே ஓர் ஓட்டை இருந்தது. அதன்மேல் டேப் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை அந்த டேப்பைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால், 'காலையிலேயே தெரிஞ்சும் ஏன் சொல்லலை?' என்று அடுத்த கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. போனை மேசைத் தட்டில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தான். தலையில் தாள் தொப்பியை மாட்டிக்கொண்டான். மாமனார் அவன் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனார். பின்னால் கதவு சாத்தி, காந்தம் 'டக்'கென்று ஒட்டியது.

காற்று அடித்தது. தாள் அங்கிகள் படபடத்தன. காற்று நின்றது.

சிவப்பு விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"இப்ப மாறும் பாருங்க" என்றார் மாமனார்.

மாறவில்லை. எதிர்க்கதவைத் தள்ளினார். வந்த கதவைத் தள்ளினார். தோளால் ஒரு இடி இடித்தார். "தரமான கதவு" என்று அவரே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். கத்திப் பார்த்தார், ரப்பர் பட்டை வைத்த கதவு, சத்தம் வெளியே போகாது. கண்ணாடியை உடைக்கலாமென்றால் அது சுத்தியலுக்கே மசியாத கண்ணாடி, அவர் தேடித்தேடி வாங்கியது. வெளியே பட்டறையில் ஆள் கிடையாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேசையும், லேப்டாப்பும், தட்டில் போனும், சுவர்க் கடிகாரமும் தெரிந்தன. மணி நாலைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளை அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது பாவம் எறும்பு என்று நினைத்திருக்கிறான். அந்த எறும்பு தானே போய்க் கொள்ளிக்கட்டையில் ஏறியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. அறைக்குள் இரண்டு பேர் விடும் மூச்சுக்கு வியர்வை வழிந்தது. நின்றால் மாமனாரின் தோள் இடித்தது, நகர்ந்தால் சுவர் இடித்தது.

"எல்லாம் அந்த ஃபிட்டர் பய வேலை" என்று மாமனார் பல்லைக் கடித்தார். "காந்தத்துக்கு வயரைத் தப்பா குடுத்திருக்கான். வெளியில போனதும் முதல் வேலை, அவன் கணக்கை முடிச்சு அனுப்பறேன். புள்ளகுட்டிக்காரன்னு பாத்துப் பாத்துத்தான் இப்படி ஆச்சு."

சொன்னால் செய்கிறவர் அவர். அவர் அவமானப்பட வேண்டும் என்று நினைத்தானே தவிர, ஃபிட்டரின் அடுப்பில் தண்ணி ஊற்ற நினைக்கவில்லை.

"மாமா, ஃபிட்டர் மேல தப்பில்லை."

"பின்னே?"

"நாப்பது பெருக்கல் ஆயிரம்."

"நாப்பதாயிரம். அதுக்கென்ன?"

"இன்ட்ல."

மாமனார் அப்படியே நின்றார். பிறகு அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் எழுதிக் கழித்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது.

"மைனஸ் இருபத்தஞ்சாயிரம் வருது. மைனஸ்னா உடனே திறந்திருக்கணுமே?"

"காத்திருக்கிற நேரத்தை வைக்கிற இடம் நாலு பைட் மாமா. அதுக்கு மைனஸ் தெரியாது. மைனஸைக் கொண்டுபோய் அதுல போட்டா நானூத்தி இருபத்தொம்பது கோடின்னு எடுத்துக்கும்."

"மில்லி செகண்டா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆகும் அது?"

"நாப்பத்தொம்பது நாள்."

"அப்புறம் திறந்துடும்ல?"

"கண்டிப்பா திறந்துடும் மாமா."

இவ்வளவு நெருக்கடியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனாருக்கு வரவில்லை. பேனாவை மூடிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் பேனா எடுத்துப் போட்டேன். நீங்க நாள் கணக்கு வரைக்கும் மனப்பாடமா சொல்றீங்க. இது இப்பப் போட்ட கணக்கு இல்லையே மாப்பிள்ளை?"

பழம் தின்று கொட்டை போட்ட ஆள், அவரிடமா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு ஜாண் என்ன, முழம் என்ன.

"காலையிலேயே பாத்தேன். மஞ்சள் வந்துச்சு."

"பாத்துட்டு?"

"சும்மா இருந்துட்டேன்."

"ஏன்?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார் மாமனார் கொஞ்சமும் யோசிக்காமல். "கத்தியிருப்பேன். கத்தினா என்ன, உசுரா போயிடும்? ஆனா நீ சொல்லியிருக்கணும். நாளைக்கு இதுக்குள்ள வந்து நிக்கப் போறது நானா, நீயா? யாரோ ஒரு அம்மா. உள்ளே மாட்டிக்கிட்டு அவங்களுக்கு நெஞ்சு அடைச்சிருந்தா யார் பதில் சொல்றது?"

இத்தனை வருஷத்தில் அவர் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவை அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க அவமானப்படணும்னு நெனச்சேன் மாமா" என்றான்.

"என்னைக்கோ சாப்பாட்டு மேசையில சொன்ன ஒரு வார்த்தைக்கா?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"நீயும்தானே சிரிச்சே?"

"ஆமா. அதுதான் பொறுக்கலை."

மாமனார் சுவரில் சாய்ந்துகொண்டு உள்ளங்கையில் இருந்த சிவப்புக் கணக்கைப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார், அது போகவில்லை.

அப்போதுதான் அவள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். போன் வரும் நேரம் என்று அவளுக்குத் தெரியும். மேசையைப் பார்த்தாள், புருஷனைக் காணோம், போன் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை கண்ணாடியைப் படபடவென்று தட்டினான். அவள் ஓடி வந்தாள். கதவை இழுத்தாள். உள்ளே இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவதைப் பார்த்து ஒரு கணம் விழித்தாள். பிறகு புத்தியாக ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பட்டறை இருண்டது. கதவு அசையவில்லை.

"பேட்டரி" என்று முனகினார் மாமனார். "கரண்ட் போனாலும் கதவு விடக்கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

அவள் பேட்டரிப் பெட்டியைக் காட்டினாள். அதில் தொங்கும் பூட்டைக் காட்டினாள். சாவி எங்கே என்று கையை விரித்தாள். மாமனாரின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கிக்குள்ளே சாவிக்கொத்து சலசலத்தது. கதவுக்கடியில் நூல் நுழையக்கூட இடைவெளி கிடையாது. மூன்று பேரும் அந்தச் சத்தம் வந்த இடத்தையே பார்த்தார்கள்.

"ஆப்பசைச்ச குரங்கு மாதிரி ஆச்சே என் கதை" என்றார் மாமனார்.

"பேனாவைக் குடுங்க மாமா. திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?"

"உங்க முதுகுல எழுதணும்."

வேறு தாள் அங்கே ஏது? மாமனார் எதிர்க்கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மாப்பிள்ளை அவர் முதுகுத் தாளில் பெரிதாக எழுதினான்: 1000 என்று ஓர் எண், அதன் வாலில் ஒட்டினாற்போல் ஓர் எல். அதற்குக் கீழே ஒரு மின்னல். திரையில் மின்னல் படம் போட்ட பட்டனை அமுக்கினால் ப்ரோக்ராம் சிப்புக்குப் போகும். அவன் ஆயிரம் தடவை அமுக்கியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"என் முதுகுல என்ன எழுதறே?"

"எல் மாமா. எல்."

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெருசா எழுது. அவளுக்குக் கிட்டத்துல இருக்கறதே தெரியாது" என்றார்.

அவரை அப்படியே பின்னால் நகர்த்தி முதுகைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தான். அவள் குனிந்து படித்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மெயினைப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவன் காலையில் விட்டுப் போன வரி அப்படியே திரையில் இருந்தது. ஒரு விரலால் தட்டிவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தட்டில் போன் வெளிச்சம் போட்டது.

சத்தம் கேட்கவில்லை. மேசையில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்வது மட்டும் தெரிந்தது. அவள் எடுத்தாள். பேசினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு வந்தாள். அவள் உதடு அசைந்தது: 'என்ன சொல்லட்டும்?'

மாப்பிள்ளை மாமனாரின் தோளோரமாக அவளைப் பார்த்து நின்றான். அவர் தாள் தொப்பியோடு இன்னும் எதிர்க்கதவைப் பார்த்தபடி நின்றார். இப்படி ஒரு வாய்ப்பு இனி எங்கே கிடைக்கும்? அவன் வாழ்நாளெல்லாம் தலையாட்டியவன்தான். மாமனார் சொன்னதற்கெல்லாம் ஆட்டிய அதே தலையை இன்றைக்குத் தனக்காக ஒரு தடவை ஆட்டினான். நன்றாக, மேலும் கீழும்.

அவள் போனில் ஏதோ சொன்னாள். வைத்தாள். வைத்துவிட்டு, அப்பா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். பிறகு ஓடிப்போய் மின்னலை அமுக்கினாள். மேலே காற்று மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"யார் போன்ல?" என்றார் மாமனார், திரும்பாமலே.

எதிர்க்கதவுக்கு அப்பால் விளக்கில்லாத அறை. கண்ணாடி நிலைக்கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை திரும்பினான்; அதில் அவன் முகமும், அவர் முகமும், பின்னால் அவர் மகளும் தெரிந்தார்கள், அவன் தலையாட்டியதை அவர் பார்த்திருக்கிறார்.

'எல் போட்டாச்சான்னு கேட்டா, அதான் தலையாட்டினேன்.' அந்தப் பொய் அச்சடித்த மாதிரி நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்துதானே இந்த அறைக்குள் நிற்கிறான்.

"வேலை மாமா. வேற ஊர்ல. லிஃப்ட் கம்பெனி. ஒண்ணாம் தேதி சேரணும். ஒரு வாரமா சொல்லணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு."

"அவளும் வர்றாளா?"

"தேடிப் பிடிச்சதே அவதான்."

காற்று தாள் அங்கிகளைப் படபடவென்று அடித்தது. மாமனார் கண்ணாடியில் தெரிந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒரு குதி குதிச்சாளே, பாத்தியா?" என்றார். குரல் வழக்கம்போல் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டா இப்படித்தான் குதிப்பா. இந்த வீட்டுல அவ குதிச்சு நான் பாத்து எத்தனை நாளாச்சு."

நாற்பது விநாடி என்பது தாளில் எழுதும்போது இத்தூணூண்டு எண். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று, முகம் பார்க்காமல் கழித்தால் தெரியும் அதன் நீளம். காற்று நின்றது. விளக்கு பச்சையாயிற்று. காந்தம் விட்டது.

மாமனார் எதிர்க்கதவு வழியாகப் போய்ச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். "அப்பா" என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்த கொத்தில் தடவி ஒரு சாவியைக் கழற்றினார். பேட்டரிப் பெட்டிக்கு மேலே இருந்த ஆணியில் அதை மாட்டினார். பிறகு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தன் கோப்பின் முதல் வரிக்குப் போனார். அங்கியைக்கூடக் கழற்றவில்லை, முதுகில் ஆயிரமும் மின்னலும் அப்படியே இருந்தன.

ஒரு வரியில் எல் போட்டார். அடுத்த வரிக்கு இறங்கினார். அதிலும் போட்டார்.

"வீடு பாத்தாச்சா?" என்றார் திரையைப் பார்த்தபடியே.

"ஒண்ணு பாத்து வச்சிருக்கோம்பா" என்றாள் மகள்.

"எத்தனை ரூம்?"

"ரெண்டு."

"ரெண்டு எப்படிப் பத்தும்? நான் வந்தா எங்க படுக்கறது? மூணு ரூம் இருக்கற மாதிரி பாருங்க. அட்வான்ஸ் நான் குடுத்துடறேன். நானும் மாசத்துல பாதி நாள் அங்க வந்து இருந்துட்டா, அந்த லிஃப்ட் கம்பெனி வேலையையும் ஒரு கண்ணு பாத்துக்கலாம். என்ன மாப்பிள்ளை?"

மாப்பிள்ளையின் தலை ஆடத் தொடங்கிவிட்டது. ஆறு வருஷப் பழக்கம். உத்தரவு வந்ததும் அதுபாட்டுக்கு அசையும். மகள் அவனைப் பார்த்தாள். அவன் பிடரியில் கையை வைத்துத் தலையை நிறுத்தினான்.

"வேணாம் மாமா" என்றான். "ரெண்டு ரூம்தான். விரலுக்கேத்த வீக்கம் போதும்."

மாமனாரின் விரல் எல் எழுத்துக்கு மேலே நின்றது. மகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் திரும்பி, கண்ணாடிக்கு மேலாக மாப்பிள்ளையை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க வந்தா ஹால்ல படுத்துக்கலாம்" என்றான் அவன். முழுசாகச் சொல்லிவிட்டான்.

மாமனார் திரைக்குத் திரும்பினார். எல் எழுத்தைத் தட்டினார். அடுத்த வரிக்கு இறங்கினார்.

"ஹால்ல ஃபேன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.